எபியின் வண்டி நின்ற இடைத்தேர்தல்

வேலூரிலிருந்து நாட்றம்பள்ளி வரைக்கும் நான் மைக் பிடித்து ஜெயிக்க வைத்த எம்.எல்.ஏ.க்கள் ஏழு பேர்.

பொய். ஒருத்தர்கூட இல்லை. நான் கத்திக்கொண்டு போன தெருக்களில் எல்லாம் போன முறையைவிட ஓட்டு குறைந்திருக்கிறது என்று கட்சி ஆபீசில் ஒருவர் பூத் வாரியாகக் காட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அந்தப் பேப்பரை நம்ப மறுத்துவிட்டேன்.

என் பெயர் முனுசாமி. ஆம்பூரில் மைக் ஆட்டோ ஓட்டுகிறேன். ஆட்டோ மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர், சீட்டுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர், அதற்குத் தனி பேட்டரி. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, காணாமல் போன குழந்தை, குடிதண்ணீர் வராத நாள், சாவு, ஓட்டு, எல்லாம் இந்த வாயில்தான் போயிருக்கிறது. மூன்றாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். சரியாகச் சொன்னால் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. நோட்டீஸ் வந்தால் என் மனைவி லட்சுமி ஒருமுறை சத்தமாகப் படிப்பாள், எனக்கு மனப்பாடம் ஆகிவிடும். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் நல்ல தமிழாக்கி எழுதுகிறாள். மேலே 'பொய்' என்று இருப்பது அவள் கேட்டதால் சேர்த்தது.

புதிதாக மைக் ஆட்டோ எடுத்தவர்களுக்கு உபயோகமாக ஏதாவது சொல்லு என்று ஆட்டோ சங்கத்தில் கேட்டார்கள். உபயோகமாக எனக்கு ஒன்றுதான் தெரியும். அதையும் செய்து கெடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சாவில் தொடங்குகிற வேலை

பொதுத்தேர்தல் தேதி பார்த்து வரும். இடைத்தேர்தல் ஆள் பார்த்து வரும். ஒரு எம்.எல்.ஏ. சாக வேண்டும், இல்லை ராஜினாமா செய்ய வேண்டும். பெரும்பாலும் முதலாவதுதான். அவர் போய்ச் சேர்ந்த செய்தியை ஊருக்குச் சொல்வது யார்? நான். ஆறு மாதத்துக்குள் அந்த இடத்துக்கு இன்னொருவருக்கு ஓட்டு கேட்பது யார்? நானேதான். அதே குழாய், அதே வாய். சாவுக்கு வால்யூம் கம்மி, எக்கோ ஜாஸ்தி. ஓட்டுக்கு வால்யூம் ஜாஸ்தி, எக்கோ கூடாது. தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

என்னுடைய முதல் இடைத்தேர்தலில் எக்கோவைக் குறைக்க மறந்துவிட்டேன். முந்தின நாள் இரண்டு சாவு சொன்ன வாய், இழுவையும் போகவில்லை. வேட்பாளர் பெயரைச் சொல்லி "அவர்கள்..." என்று இழுத்தேன். ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"அய்யோ பாவம், எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?"

வேட்பாளர் எனக்குப் பின்னால் ஜீப்பில் கும்பிட்டபடியே வந்துகொண்டிருந்தார். அவர் தோற்றார். அதற்கு நான் காரணம் இல்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

இடைத்தேர்தல் வரப்போகிறது என்று தெரிந்தால் தொகுதியே மாறிவிடும். குழி மூடுவார்கள், லைட் எரியும், வருஷக்கணக்கில் தூங்கின மனுவெல்லாம் எழுந்து நடக்கும். தேதி அறிவிக்கும் வரைக்கும்தான் அது. அறிவித்த நிமிஷம் நடத்தை விதி வந்துவிடும். அதற்கப்புறம் அரசாங்கம் எதையும் புதிதாகக் கொடுக்கக் கூடாது. அதனால் அதற்கு முந்தின நாட்களில் ஒரு ஓட்டம் ஓடுவார்கள். எங்கள் எம்.எல்.ஏ. இறந்த சமயம் பக்கத்துத் தொகுதி டீக்கடையில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "உங்க ஆளு போய்ட்டாரு, உங்களுக்கு தார் ரோடு. எங்க ஆளு தெனம் வாக்கிங் போறாரு. எங்களுக்கு எங்க விடியும்?"

சிரித்தேன். பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. செத்தவர் நல்ல மனிதர். என் மகள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

எபி

எபினேசர் என் தெரு. எனக்கு தோஸ்த். சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவன் வீட்டில் தட்டு கழுவி வைப்பார்கள், எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அதனால் எப்போதும் அவன் வீட்டில்தான் சாப்பிடுவேன். அவன் பத்தாவது பாஸ். தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் ஓட்டுகிற வேலை. தோல் ஊறுகிற அந்தப் பெரிய மர உருளையைச் சுற்றும் பெல்ட்டில் ஒருநாள் அவன் கால் மாட்டிக்கொண்டது. வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. இடது கால் இருக்கிறது, மடங்காது.

மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சாந்தி வீட்டிலேயே ஷூ மேல்பாகத்துக்குக் கைத்தையல் போட்டுக் குடும்பத்தை ஓட்டியது. எபிக்கு அது பிடிக்கவில்லை. கோபப்பட மாட்டான். சாந்தி ஊசியில் நூல் கோர்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவ்வளவுதான்.

எம்.எல்.ஏ. இறந்த அந்தச் சமயத்தில்தான் பைபாஸ் தாண்டி ஒரு ஷூ கம்பெனியில் அவனுக்கு வேலை அமைந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் டைம் ஆபீஸ். உட்கார்ந்தபடியே வருகிறவர்களுக்கு டோக்கன் எழுதுகிற வேலை. பத்தாவது பாஸானவனுக்கு, கால் இல்லாதவனுக்கு, அவனுக்கென்றே செய்த மாதிரி வேலை. ஒரே தொந்தரவு, கம்பெனி பஸ்ஸின் படி உயரம், அவனால் ஏற முடியாது. ஹெச்.ஆர். மேடம் நல்ல மாதிரி.

"உங்களுக்கு கவர்மெண்ட்ல மூணு சக்கர வண்டி சாங்ஷன் ஆயிருக்குன்னு சொன்னீங்க இல்ல? அத வாங்கிட்டு ஒண்ணாந்தேதி டூட்டிக்கு வந்துடுங்க. அதுக்கு மேல என்னால அந்த நாற்காலிய காலியா வெக்க முடியாது" என்றார்.

வண்டி வந்தே விட்டது, பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டர். தாலுகா ஆபீஸ் பின்னால் ஷெட்டில் வரிசையாக நின்றது. ஒவ்வொன்றின் முகப்பிலும் பெயர் ஒட்டியிருந்தது. எபியை என் ஆட்டோவில் அழைத்துப் போய்க் காட்டினேன். அவன் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்பெல்லிங் சரியாக இருக்கிறது என்றான். எனக்கு எல்லாப் பெயரும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அந்த ஆபீசில் இருந்த கிளார்க்கம்மா எங்களைப் பார்த்துச் சொன்னார். லட்சுமி, இதை அப்படியே எழுது.

"பேப்பர் எல்லாம் முடிஞ்சிடுச்சு எபினேசர். ஞாயித்துக்கெழமை விழா வெச்சிருக்காங்க, மந்திரி வர்றாரு. ஆனா உங்களுக்கு அவசரம்னா இப்பவே கையெழுத்துப் போட்டு எடுத்துனு போங்க. ரெண்டு பேரு எடுத்துனு போய்ட்டாங்க."

எபி பேனாவைக் கையில் வாங்கிவிட்டான். நான்தான் அவன் கையைப் பிடித்தேன்.

காரணம் இருந்தது. எங்கள் ஏரியா கட்சிக்காரர் பாஸ்கரன் அண்ணன் முந்தின நாள் என்னிடம் சொல்லியிருந்தார்: "முனுசாமி, மேடையில மொதல் ஆளா ஏத்தறதுக்கு நல்லா பேசற ஒருத்தன் வேணும். கால் போனவன், படிச்சவன், பாத்தா மனசு எளகணும். கொண்டாந்தன்னா இடைத்தேர்தல் முழுக்க மைக் வேல உனக்குத்தான்." எங்கள் ஊர்ப்பக்கம் எதையும் ஆபீசில் வாங்கினால் வாங்கின மாதிரி இல்லை. மேடையில், மாலைக்கு நடுவில், போட்டோவில் வாங்க வேண்டும். கொடுக்கிறவர்களுக்கும் அப்படித்தான். வாங்குகிறவர்களுக்கும் அப்படியே பழகிவிட்டது.

"டேய், பைத்தியமாடா நீ?" என்றேன். "மந்திரி கையில வாங்கினா சும்மாவா? மேடையிலயே வீட்டு மனு ஒண்ணு குடுத்துடலாம். பேப்பர்ல போட்டோ வரும். ரெண்டு நாள்தான்."

"ஒண்ணாந்தேதி டூட்டி முனு."

"இன்னும் பத்து நாள் இருக்குடா. நான் இருக்கன் இல்ல?"

அவன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். கிளார்க்கம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாதது எழுத்து மட்டும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பேரணாம்பட்டு ரோட்டில் அந்த விழாவுக்குத்தான் கூவிக்கொண்டிருந்தேன். "மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர வாகனங்கள், மாண்புமிகு அமைச்சர் தம் பொற்கரங்களால்..." பொற்கரங்களால் என்று சொல்லி வாய் மூடவில்லை, ஒரு போலீஸ்காரர் பைக்கைக் குறுக்கே போட்டார்.

"யோவ், ஆஃப் பண்ணு."

"பர்மிஷன் இருக்கு சார்."

"இருந்துச்சு. இப்பதான் எலெக்ஷன் தேதி சொல்லிட்டாங்க. விழாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்த பேனர அவுரு."

ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். அணைக்கும்போது அது ஒரு 'ப்ளக்' சத்தம் போடும். வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம்தான். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டே பேனரை அவிழ்த்தேன்.

நேராக தாலுகா ஆபீசுக்கு ஓட்டினேன். ஷெட்டை மூடியாகிவிட்டது. வண்டிகள் மேல் தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, சீல் வைத்துக்கொண்டிருந்தார்கள். கிளார்க்கம்மா அங்கேதான் நின்றிருந்தார்.

"நேத்தி எடுத்துனு போயிருந்தா அவரு வண்டி, அவரு பாடு. இப்ப தொட்டா என் வேல போய்டும்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

ஒரு மாதம்

எபியிடம் போய்ச் சொன்னேன். திட்டுவான் என்று தயாராகப் போனேன். அவன் ஒன்றுதான் கேட்டான்.

"முனு, ஒண்ணு பண்ணு. எலெக்ஷன் முடியற வரைக்கும் காலைல ஏழரைக்கு என்ன உன் ஆட்டோவுல கம்பெனியில விட்டுடு. சாயந்தரம் வந்து இட்னு வந்துடு. ஒரு மாசம்தான். அப்புறம் வண்டி வந்துடும்."

இதைவிட எளிதாக ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் எதையும் கேட்க முடியாது. என்னிடம் மூன்று சக்கரம் இருந்தது. பெட்ரோல் இருந்தது. காலை ஏழரை மணி எல்லோருக்கும் வருவது போல எனக்கும் வந்தது.

ஆனால் பிரச்சார ஆட்டோ என்றால் காலை ஆறரைக்குக் கட்சி ஆபீஸ் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். கொடி கட்டி, பர்மிட்டைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் சவாரி ஏற்றக் கூடாது. பறக்கும் படை பார்த்தால் வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். கொடி கட்டின ஆட்டோவைக் கம்பெனி கேட்டுக்கும் விட மாட்டார்கள். ஒன்று இது, இல்லை அது.

"அதெல்லாம் வாணாம்டா" என்றேன். "நான் கட்சிக்குள்ள இருந்தாத்தான் உன் வண்டிய வெளிய எடுக்க முடியும். பாஸ்கரண்ணன் பேசறன்னாரு. இப்ப தெருவுக்கு ஒரு மந்திரி வர்றாங்கடா. ஒருத்தர் ஒரு போன் போட்டா போதும்."

இதைச் சொல்லும்போது நானே நம்பினேன். அதுதான் கேவலம்.

உண்மையிலேயே தெருவுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். டி.வி.யில் பார்த்த முகங்கள் எங்கள் தெருவில் இட்லி சாப்பிட்டன, எபி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒருவர் தோசைகூடத் திருப்பினார். போட்டோ எடுத்தபோது தோசை கருகிவிட்டது. நான் அவரிடம் எபி விஷயம் சொன்னேன்.

"ஜெயிச்சதும் மொத கையெழுத்து இதுதாம்பா" என்றார்.

"அய்யா, ஒண்ணாந்தேதிக்குள்ள..."

"மொத கையெழுத்து" என்று என் தோளைத் தட்டினார். தோளைத் தட்டினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எதிர்க்கட்சி ஆபீசுக்கும் போனேன். என் ஆட்டோவைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு, கொடியைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனேன். அங்கே இருந்தவர் நான் சொன்னதைக் கேட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"அவர தூக்கினு வாப்பா. ஷெட் முன்னால உக்கார வெக்கலாம். பிரஸ்ஸுக்கு நான் சொல்றேன்."

"வண்டி கெடைக்குமா அண்ணே?"

"வண்டி கெடைக்காது. ஆனா பயங்கரமா இருக்கும்."

எபியிடம் சொன்னேன். "நான் எதுக்கும் முன்னால உக்கார மாட்டன் முனு. உள்ள போய் உக்காரத்தான் கேட்டன்" என்றான்.

ஒன்றாம் தேதி அவன் டவுன் பஸ்ஸில் போனான். கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். இரண்டாம் தேதியும் போனான். மூன்றாம் தேதி பஸ்ஸில் சரியான கூட்டம். இறங்கும்போது அக்குளில் ஊன்றின கட்டை வழுக்கி, மடங்காத காலோடு ரோட்டில் விழுந்தான். இடுப்பில் அடி. அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்றால், அதே பைபாஸில், சர்வீஸ் ரோட்டில். "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று சொல்லிக்கொண்டு அந்தப் பஸ்ஸைத் தாண்டிப் போயிருக்கிறேன். விழுந்து கிடந்தபோது என் குரலைக் கேட்டதாக அவன் சாந்தியிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை.

பத்து நாள் படுக்கை. ஹெச்.ஆர். மேடம் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு வேறு ஆளைப் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பு இல்லை. காலையில் ஆயிரம் பேர் உள்ளே வருகிற கேட்டில் எழுத ஆள் இல்லாமல் எப்படி? எம்.எல்.ஏ. நாற்காலி ஆறு மாதம் வரைக்கும் காலியாக இருக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. டைம் ஆபீஸ் நாற்காலிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

மேடை

முடிவு வந்தது. யார் ஜெயித்தார்கள் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். நடத்தை விதி எடுத்த மறுவாரமே விழா வைத்தார்கள். மைக் நான்தான். முதல் பயனாளி எபினேசர் என்று லிஸ்டில் இருந்தது, பாஸ்கரன் அண்ணன் வாக்குத் தவறவில்லை. சாந்தி கெஞ்சினதால் அவன் வந்தான்.

மேடையில் தெர்மாகோலில் செய்த ஒரு பெரிய சாவியை அவன் கையில் கொடுத்தார்கள். கட்டையைப் பிடிப்பானா, சாவியைப் பிடிப்பானா? இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றான். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். நான் பழக்க தோஷத்தில் மைக்கை அவன் வாயருகே நீட்டி, "ரெண்டு வார்த்த பேசு எபி" என்றேன்.

அவன் மைக்கைக் கையால் தள்ளிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"முனுசாமி, இப்ப எங்க போறதுக்குடா எனக்கு வண்டி?"

சின்ன வயதிலிருந்து முனு என்றுதான் கூப்பிடுவான். அதற்குள் கீழே பேண்ட் அடித்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். என் கையில் மைக் இருந்தது.

இப்போது அந்தக் கம்பெனியில் சாந்தி வேலைக்குப் போகிறது, தையல் லைனில். கைத்தையல் கூலி போதவில்லை. தினமும் காலை எபிதான் தன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறான். கேட்டுக்கு முன்னாலேயே இறக்கிவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். டைம் ஆபீஸ் ஜன்னல் வரைக்கும் போக மாட்டான். அங்கே வேறொருவர் உட்கார்ந்து சாந்திக்கு டோக்கன் எழுதுகிறார். என்னோடு எபி பேசுவதில்லை. வழியில் பார்த்தால் முறைப்பதும் இல்லை. ரோட்டில் ஒரு ஆட்டோ நிற்பதைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுப் போவான்.

புதிதாக மைக் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கண்ணாடியில் பர்மிட் ஒட்டுவதற்கு முன்னால், உன் தெருவில் யாருக்காவது அந்த ஆட்டோ தேவைப்படுகிறதா என்று கேட்டுவிட்டு ஒட்டு. ஒரு மாதம் முழுக்க நான் பெரிய மனிதர்களிடம் போய்க் கேட்ட உதவியை, நானே தினமும் இரண்டு தடவை செய்திருக்கலாம். வாய் நீளமானவனுக்குக் கை ஞாபகம் வராது.

இப்போது பக்கத்துத் தொகுதியில் எம்.எல்.ஏ. ராஜினாமா செய்துவிட்டார். வாக்கிங் போனவர்தான், கட்சி மாறிவிட்டார். தேதியும் சொல்லிவிட்டார்கள். இன்று காலை ஏழரைக்குக் கொடி கட்ட வீட்டுக்கே ஆள் வரும் என்று பாஸ்கரன் அண்ணன் சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை நான் கட்சிக்காரர்களிடம் முதலிலேயே ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது என்னவென்றால்...

போன் அடிக்கிறது. சாந்தி.

"அண்ணா, வண்டி பஞ்சர். எட்டு மணிக்கு கேட்ட மூடிடுவாங்க. கொஞ்சம் வர்றியா?"

"எபி இன்னா சொன்னான்மா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. உன்ன கூப்புட வாணாம்னும் சொல்லல."

லட்சுமி, பேனாவை வை. கொடி கட்ட ஆள் வந்தால், ஆட்டோ சவாரிக்குப் போயிருக்கிறது என்று சொல்.